வணிக வழக்கின் ஆவணங்கள்: தேதி வரிசையா, எழுவினா வரிசையா?

பண்ருட்டியிலிருந்து புதுச்சேரி வியாபாரிக்குக் கடனுக்கு முந்திரிப் பருப்பு அனுப்பிய ஒருவர் நிலுவைக்காக வழக்குத் தொடரும்போது, இன்வாய்ஸ்கள் ஒரு கோப்பிலும் டெலிவரி சலான்கள் வேறொன்றிலுமாக, கணக்கர் வைத்த வகையிலேயே ஆவணங்கள் வந்து சேர்கின்றன. தணிக்கைக்கு உதவும் இந்த அடுக்கு நீதிமன்றத்துக்கு உதவாது. ஒரே சரக்கின் விலையும் அதைப் பெற்றுக்கொண்ட கையொப்பமும் அதில் வெவ்வேறு மூலைகளில் கிடக்கும். எனவே தேர்வு தேதி வரிசை, எழுவினா வரிசை ஆகிய இரண்டுக்குள்தான்.

ஒப்பந்தம், சரக்கு ஒப்படைப்பு, தரக் குறை, நிலுவை என்று எழுவினா வாரியாக, அதாவது இரு தரப்புக்கும் இடையே நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகளின்படி, பிரிப்பது இறுதி வாதத்தின்போது மிகவும் வசதியானது. ஆனால் 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்குகளில், வாதி தம் வசமுள்ள தொடர்புடைய ஆவணங்கள் அனைத்தையும், வழக்கைத் தொடங்கும் வழக்குரையுடனேயே தாக்கல் செய்ய வேண்டும். விடுபட்டதைப் பின்னர் சேர்க்கத் தக்க காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும். எழுவினாக்களோ, பிரதிவாதி 120 நாள் வரை எடுத்துக்கொள்ளக்கூடிய எதிர்வழக்குரைக்குப் பிறகே நீதிமன்றத்தால் வனையப்படுகின்றன, அதாவது வரையறுக்கப்படுகின்றன. இன்னும் எழாத கேள்விக்கு இன்றே அடுக்குவது ஊகம்தான். பாக்கியை ஒப்புக்கொண்டு, அதிலேயே தரத்தைக் குறைகூறும் கடிதத்தை எந்தப் பிரிவில் வைப்பது?

தேதி வரிசையில் இந்தச் சிக்கல் இல்லை. அதைவிட முக்கியமாக, சரக்கைப் பெற்றபின் வாங்கியவர் புகார் ஏதும் சொல்லாதிருந்த மாதங்கள் இதில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. வழக்குத் தொடர்வதற்கான மூன்றாண்டுக் காலவரம்பு முடிவதற்குள் அவர் கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டிருந்தால், அந்நாளிலிருந்து வரம்பு புதிதாகத் தொடங்குவதும் உடனே புலப்படும். தாக்கலுக்குத் தேதி வரிசையே சரி என்பது என் உறுதியான கருத்து. எழுவினா வாரி அட்டவணையை, எழுவினாக்கள் வனையப்பட்டபின் நம் பயன்பாட்டுக்கென ஒரே தாளில் தயாரித்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் உரையாடல்களையும் அதே வரிசையில் உரிய தேதியில் சேர்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழில், ஆவணத்தை அளிப்பவர் நிரப்பும் பகுதியும் வல்லுநர் நிரப்பும் பகுதியும் தனித்தனியாக உள்ளன. இரண்டிலும் ஹாஷ் மதிப்பு, அதாவது மின்னணுப் பதிவிலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடு, குறிக்கப்பட வேண்டும். ஆகவே அச்செடுத்ததோடு நின்றுவிடாமல், மூலச் செய்திகள் உள்ள கைபேசியையும் அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்.

பட்டியலில் வரிசை எண் மட்டும் இருக்கட்டும். சாட்சி விசாரணையில் ஆவணம் சான்றாகக் குறியீடு செய்யப்படும்போது கிடைக்கும் சான்றாவண எண்ணுக்கு ஒரு நெடுவரிசையைக் காலியாக விட்டுவைப்பது நல்லது.