வாந்தி மாத்திரையை மாற்றி அனுப்பி என் மனைவியை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள், 7,195 ரூபாய் போச்சு, கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம் அந்த ஆப் கம்பெனிக்காரர்கள் என் புகாரை நான்காவது முறையாக "தீர்வு காணப்பட்டது" என்று போட்டு முடித்து வைத்துவிட்டார்கள். என்ன தீர்வு கண்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என் 7,195 ரூபாய் வரவில்லை, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை, என் மனைவி இன்னும் ராத்திரி தூக்கத்தில் எழுந்து தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். கை நடுங்கத்தான் இதை எழுதுகிறேன், வரிசை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆப் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. மருந்துச் சீட்டை போட்டோ எடுத்துப் போட்டால் வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் ஆப், அவ்வளவு தெரிந்தால் போதும்.

மனைவிக்கு ஒன்பதாவது வாரம். முதல் குழந்தை. குக்கரில் சாதம் வெந்தால் வாந்தி, பக்கத்து வீட்டில் தாளித்தால் வாந்தி, வெறும் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே படுத்திருப்பாள். டாக்டரிடம் போனோம். டாக்ஸிலமினும் பைரிடாக்ஸினும், அதாவது பி6 வைட்டமினும், பத்து பத்து மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை எழுதினார். ராத்திரி படுக்கும்போது இரண்டு. மேல் பூச்சு மெதுவாகக் கரைந்து காலையில் வேலை செய்யும், அதனால் உடைக்காமல், கடிக்காமல் முழுசாக விழுங்கவேண்டும், தூக்கம் அசத்தும், ஸ்கூட்டியை எடுக்காதே என்று அவளிடமே பொறுமையாகச் சொன்னார். அந்த டாக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கிளினிக் கீழே இருக்கும் மெடிக்கலில் அந்த மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளைக்குச் சாயங்காலம் வந்துவிடும் என்றார்கள். ஒரு நாள் காத்திருந்திருக்கலாம். ஆனால் அவள் ஆட்டோவிலேயே இரண்டு முறை எடுத்துவிட்டாள், எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த ஆப்பைப் போட்டேன். வருஷ சந்தா 999 ரூபாய் கட்டினால் டெலிவரி இலவசம், எந்த நேரமும் பார்மசிஸ்ட் ஆலோசனை என்று இருந்தது. அந்த ஆலோசனை என்ற வார்த்தைக்காகத்தான் கட்டினேன். மாத்திரை, ஃபோலிக் ஆசிட், புரோட்டீன் பவுடர் எல்லாம் சேர்த்து 1,846 ரூபாய்.

கால் மணி நேரத்தில் போன் வந்தது. நல்ல மரியாதையான குரல். "சார், பார்மசிஸ்ட் பேசுறேன், டாக்டர் எழுதின மாத்திரை இப்ப ஸ்டாக் இல்லை, அதே மாதிரி வாந்திக்குத்தான், நல்ல கம்பெனி மாத்திரை இருக்கு, அனுப்பட்டுமா?" நான் சும்மா சரி என்று சொல்லவில்லை, கேட்டேன். "மாசமா இருக்காங்க, போடலாமா?" "தாராளமா போடலாம் சார், மாசமா இருக்கிறவங்களுக்கும் டாக்டருங்க எழுதுறதுதான்." "எங்க டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லட்டுமா?" "கேளுங்க சார், ஆனா ஆர்டர் கேன்சலாகிடும், மறுபடி நாளைக்குத்தான் போகும்." உள்ளே அறையில் அவள் மறுபடி ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. அனுப்புங்க என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. படித்தவர் பேசுகிறார், மருந்து தெரிந்தவர் பேசுகிறார் என்று முழுசாக நம்பினேன்.

வியாழன் சாயங்காலம் பார்சல் வந்தது. அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு கவரில் போட்டிருந்தார்கள். பெரும்பாலான துண்டுகளில் பெயர் பாதிதான் இருந்தது, ஓரத்தில் சிவப்புக் கோடு. கவர் மேல் ஒரு ஸ்டிக்கர்: தினமும் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன், 30 நாள். மொத்தம் 90 மாத்திரை. துண்டுகளை ஒட்டவைத்துப் படித்தால் மெட்டோகுளோப்ரமைடு 10 மில்லிகிராம் என்று வந்தது. எனக்கு அது வெறும் பெயர். டாக்டர் ராத்திரிக்கு மட்டும் எழுதியிருக்க இது மூன்று வேளையாக இருக்கிறதே என்று தோன்றியது, அது வேறு கம்பெனி, வேறு அளவு என்று நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி ஒன்று, வெள்ளிக்கிழமை மூன்று வேளையும் ஒவ்வொன்று. வாந்தி குறைந்ததும் உண்மை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை தட்டு தயிர்சாதம் சாப்பிட்டாள், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் சாப்பிட்டதிலிருந்து ஓர் இடத்தில் உட்காரவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "என்னங்க, காலு ஒரு மாதிரி படபடன்னு இருக்கு, உக்காரவே முடியலை" என்றாள். வெறும் வயிற்றில் கிடந்த களைப்பு என்று நினைத்துப் படுக்கச் சொன்னேன்.

ராத்திரி பத்து மணி இருக்கும். தண்ணீர் கேட்டவள் டம்ளரை வாயில் வைத்ததும் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. தாடை இடப்பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. நாக்கு தானாக வெளியே வருகிறது, பேச்சு குழறுகிறது. கழுத்து மெதுவாகத் திரும்பி அப்படியே நின்றுவிட்டது, கண் இரண்டும் மேலே ஏறிக் கூரையைப் பார்த்தபடி இருக்கிறது, இறங்கவில்லை. நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறது, என் கையை அழுத்திப் பிடித்திருக்கிறாள், கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. என் அம்மா சாமி அறைக்கு ஓடி விபூதி எடுத்துவந்து நெற்றியில் பூசி, "ஏப்பா, இது வலிப்பா காத்துகருப்பா, எனக்கு ஒண்ணும் புரியலையே" என்று அழுதார். பக்கவாதம் என்று நான் நினைத்தேன். குழந்தையும் போய்விட்டது, இவளும் போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வாந்திக்கு ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சட்டைப் பையில் இருந்த துண்டு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். விளக்கில் பிடித்துப் படித்தார், சர்க்கரை அளவு பார்த்தார், நரம்பில் ஓர் ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் கழுத்து திரும்பியது, கண் இறங்கியது, "தண்ணி" என்று அவளாகவே கேட்டாள். மறுபடி வரலாம் என்பதால் ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தார்கள், காலையில் ஸ்கேன் எடுத்தார்கள், குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். பில் 4,350 ரூபாய். சந்தா 999, ஆர்டர் 1,846, ஆஸ்பத்திரி 4,350, ஆக 7,195. எங்கள் வீட்டுக்கு அது ஒரு மாத வாடகை.

அந்த டாக்டரம்மா உட்கார வைத்து விளக்கினார். இந்த மாத்திரை மூளையில் டோபமின் என்ற பொருளின் வேலையைத் தடுத்து வாந்தியை நிறுத்துகிறது. அதே டோபமின்தான் உடம்பின் அசைவையும் சீராக வைத்திருக்கிறது, அங்கேயும் தடுத்துவிட்டால் தசை இப்படி இழுத்துக்கொள்ளும். ஓவர்டோஸ் ஆகவேண்டும் என்றில்லை, வழக்கமான அளவிலேயே வரும், பெரும்பாலும் ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு நாளில் வரும், குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும், அதிலும் பெண்களுக்கு, அதிகம் வரும். மத்தியானம் உட்கார முடியாமல் நடந்தாளே, அதுவும் இதே மாத்திரையின் வேலைதான், அப்போதே நிறுத்தியிருக்கவேண்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார், அதை மறைக்காமல் எழுதுகிறேன்: இது கெட்ட மருந்து இல்லை, கர்ப்பிணிகளுக்கும் தேவைப்பட்டால் நாங்களே எழுதுவோம், இதனால் குழந்தைக்கு ஊனம் வரும் என்று பயப்படாதீர்கள், ஆனால் ஆளைப் பார்த்து, சில நாளைக்கு மட்டும், என்ன நடந்தால் நிறுத்தவேண்டும் என்று சொல்லித்தான் கொடுப்போம்.

சில நாளைக்கு மட்டும்! எனக்கு வந்தது 90 மாத்திரை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே இந்த மருந்தை அதிகபட்சம் 5 நாள், ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2009-ல் மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டிக் கடும் எச்சரிக்கை போட வைத்தார்கள், நெடுநாள் சாப்பிட்டால் முகமும் நாக்கும் தானாக அசையும் கோளாறு வந்து அது திரும்பச் சரியாகாமலே போகலாம், 12 வாரத்தைத் தாண்டாதே என்று. ஆலோசனை தருகிறேன் என்று 999 ரூபாய் வாங்கினவன் இதில் ஒரு வரியாவது அந்த ஸ்டிக்கரில் போட்டிருக்கவேண்டாமா?

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்தே அவர்களுக்குப் போன் செய்தேன். முதல் நாள் பேசின பெண், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார், 48 மணி நேரத்தில் அழைப்போம்" என்றார். யாரும் அழைக்கவில்லை. திங்கட்கிழமை இன்னொருவர், "மாற்று மருந்துக்கு நீங்களே போனில் சம்மதம் சொல்லியிருக்கீங்க சார்" என்றார். அந்தப் பதிவை எனக்கும் போட்டுக் காட்டுங்கள், கர்ப்பிணி என்று நான் சொன்னதும் அதில் இருக்குமே என்றேன். கம்பெனி விதிப்படி தர முடியாதாம். செவ்வாய்க்கிழமை வேறொருவர், "நாங்க வெறும் தளம்தான் சார், மருந்து கொடுத்தது பார்ட்னர் கடை, அவங்களைக் கேளுங்க" என்றார். கடை நம்பரைக் கேட்டு வாங்கி அடித்தால், பில் போட்டது மட்டும்தான் நாங்கள், மாற்றச் சொன்னது ஆப்காரர்கள் என்கிறார்கள். மறுபடி ஆப். பக்கவிளைவு எந்த மருந்திலும் வரும், அட்டையைப் பிரித்துவிட்டதால் பணம் திரும்பாது, சந்தா எந்தக் காரணத்துக்கும் திரும்பாது. கடைசியில் பெரிய மனது பண்ணி அடுத்த ஆர்டருக்கு 150 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள். என் பொண்டாட்டி வாய் கோணிக் கிடந்ததற்கு 150 ரூபாய் கூப்பன்! 7,195 ரூபாயைக் கேட்டவனுக்கு அடுத்த மருந்தையும் எங்களிடமே வாங்கு என்கிறார்கள்.

இதற்கும் மேலே ஒன்று. புதன்கிழமை அந்த பில்லை நிதானமாகப் பார்த்தேன். டாக்டர் பெயர் என்று இருக்கும் இடத்தில் எங்கள் டாக்டர் பெயர் இல்லை. நாங்கள் பார்த்தே இராத, எங்கள் ஊரே இல்லாத யாரோ ஒரு டாக்டர் பெயர் இருக்கிறது. அதாவது இவர்கள் மாற்றி அனுப்பிய மாத்திரைக்கு இவர்களே ஒரு சீட்டும் தயார் பண்ணியிருக்கிறார்கள். 1945-ஆம் வருஷ மருந்து விதிகளில் 65-ஆவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? சீட்டில் ஷெட்யூல் எச் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்து, இருந்தால் அதற்குப் பதிலாகக் கடைக்காரர் வேறு எதையும் தரக்கூடாது, உள்ளே அதே மருந்து இருந்தாலும் கூடாது. இங்கே உள்ளே இருந்த மருந்தே வேறு.

நிறைய எழுதவேண்டும் என்று நினைத்தேன், இப்போது கோபத்தில் ஓடுவது இவ்வளவுதான். வாந்தி மாத்திரை எல்லாம் ஒன்று இல்லை. "அதே மாதிரி" என்று யாராவது சொன்னால் அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சீட்டோடு வைத்துப் பாருங்கள், மாறியிருந்தால் எழுதிய டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூடப் போடாதீர்கள். பெயர் தெரியாதபடி வெட்டின அட்டையை வாங்காதீர்கள். கழுத்து, தாடை, கண் இழுத்தாலோ, உட்காரவே முடியாத படபடப்பு வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு, அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், விபூதி பூசி நேரத்தைக் கடத்தவேண்டாம். பேதிக்கு, தலைச்சுற்றலுக்கு என்று போன தடவை வாங்கி மிச்சம் வைத்ததை எடுத்து வீட்டில் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், ஆன்டான்செட்ரான் இரண்டும் சிலருக்கு இதயத் துடிப்பைக் கெடுக்கும், இதயக் கோளாறு இருப்பவர்களும் வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின் மாத்திரையிலும் என் மனைவிக்கு வந்த இதே இழுப்பு வரும். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம், பணத் தகராறுக்கு நுகர்வோர் எண் 1915. இரண்டிலும் நான் பதிந்துவிட்டேன்.

அவளுக்கு இப்போது டாக்டர் முதலில் எழுதிய மாத்திரைதான், கிளினிக் கீழே இருக்கும் அதே மெடிக்கலில் வாங்கினது, ராத்திரி இரண்டு. போடுவதற்கு முன்னால் அட்டையை என்னிடம் நீட்டி "படிச்சுச் சொல்லுங்க" என்கிறாள், நான் பெயரைச் சத்தமாகப் படித்த பிறகுதான் விழுங்குகிறாள். மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன், மீதி 86 மாத்திரையையும் ஸ்டிக்கரோடு அந்தக் கவரையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.