உயர் நீதிமன்ற ஊழியரும் மாவட்ட நீதிமன்ற ஊழியரும்: நியமனமும் மேற்பார்வையும்

சென்னை உயர் நீதிமன்றத்தின் சொந்த ஊழியர்களுக்கு அடிப்படை அரசியலமைப்பின் 229-ஆம் பிரிவு. தலைமை நீதிபதியோ, அவர் பணிக்கும் நீதிபதி அல்லது அலுவலரோ நியமிப்பார். பணி விதிகளை வகுப்பதும் தலைமை நீதிபதிதான். ஆனால் சம்பளம், படி, விடுப்பு, ஓய்வூதியம் பற்றிய விதிகளுக்கு ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். நீதித்துறைக்கும் அரசுக்கும் இழுபறி வருவது இந்த இடத்தில்தான்.

மாவட்ட நீதிமன்றங்களில் கதை வேறு. இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்றோர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியே நீதி அமைச்சுப் பணிக்கு (நீதிமன்ற அலுவலக எழுத்துப் பணி) வருகிறார்கள். அன்றாட வேலையை மேற்பார்ப்பவர் சிரஸ்தார் (நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை ஊழியர்) அல்லது தலைமை எழுத்தர். அவர்களுக்கு மேல் அந்தந்த நீதிபதி. எல்லோருக்கும் மேலே, 235-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றக் கட்டுப்பாடு.

மேற்பார்வை கடினமாவது மாவட்ட நீதிமன்றங்களில்தான். அமீனா (நீதிமன்ற ஆணைகளைக் கொண்டுசேர்க்கும் ஊழியர்) அழைப்பாணையை உரியவரிடம் சார்வு செய்யாமல் வைத்திருந்தால் முதலில் தெரிவது அந்த நீதிமன்ற நீதிபதிக்கு. ஆனால் நியமன ஆணை மாவட்ட நீதிபதியுடையது என்றால், பணிநீக்கத்தை அவருக்குக் கீழ்ப்பட்டவர் செய்ய முடியாது, அரசியலமைப்பின் 311(1)-ஆம் பிரிவு தடுக்கும். விசாரணை சரியாக நடந்திருந்தாலும் கையெழுத்திட்டவர் அதிகாரமில்லாதவர் என்றால் ஆணை நிற்காது. அதனால் குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கு முன்பே பணிப்பதிவேட்டில் நியமன ஆணையைப் பாருங்கள்.

விளம்பரமின்றி ஆள் எடுப்பது இரண்டிலும் செல்லாது. தலைமை நீதிபதியின் 229 அதிகாரமும் சமத்துவம், அரசு வேலையில் சம வாய்ப்பு பற்றிய 14, 16-ஆம் பிரிவுகளுக்கு உட்பட்டதே என்று 2014-இல் ரேணு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.