17 ஆண்டுகள், 143 ஓடைகள்

காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, சால்டரிங் அயர்ன் சூடாவதற்குள் ஒரு பத்திரிகையைப் படித்து முடித்துவிடுவேன். "உங்களுக்காக" என்று ஒரு பகுதி அதில் கிடையாது. நான் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் 143 இடங்களில் நேற்றிரவிலிருந்து யார் என்ன எழுதினார்களோ, அது மட்டும் நேர வரிசையில் வந்திருக்கும். கடைசி வரியைத் தாண்டியதும் "படிக்காதவை: 0" என்று காட்டிவிட்டு நின்றுவிடும். 2008-இல் பிடித்த பழக்கம். அதற்குப் பிறகு கைப்பேசி எட்டு முறை மாறிவிட்டது, கடை ஒரு தெரு தள்ளிப் போய்விட்டது, இது மட்டும் அப்படியே இருக்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது ஆர்எஸ்எஸ் என்ற இணைய நுட்பம். அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். ஒரு தளம் தன் புதிய கட்டுரைகளின் தலைப்பு, சுருக்கம், தேதி, இணைப்பு ஆகியவற்றைச் சாதாரண எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில் எழுதி ஒரு மூலையில் வைத்திருக்கும். அதுதான் ஓடை. நம்மிடம் இருக்கும் திரட்டி என்ற மென்பொருள், வசூலுக்குப் போகும் ஆளைப்போல மணிக்கொரு முறை ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் போய் நின்று, புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்கும். ஒன்றும் இல்லையென்றால் தளம் "304" என்ற எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். இருந்தால் வாங்கிக்கொண்டு வரும். கணக்குத் தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் கொடுக்க வேண்டாம். வாசலுக்கு வந்தவர் யார் என்று தளத்துக்குத் தெரியவும் தெரியாது.

இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனம் 1999 மார்ச்சில் தன் முகப்புப் பக்கத்துக்காக ஆர்எஸ்எஸ் முறையை வெளியிட்டது. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஆர்.வி. குஹா. சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். நெட்ஸ்கேப் விரைவிலேயே அதைக் கைகழுவியது. அதன் பிறகு நடந்ததெல்லாம் பங்காளிச் சண்டை. 2000 டிசம்பரில் ஓர் அணி 1.0 என்று ஒரு பதிப்பை வெளியிட்டது. அந்த அணியில் இருந்த ஏரன் ஸ்வார்ட்ஸுக்கு அப்போது வயது 14. 2002-இல் டேவ் வைனர் என்ற மென்பொருளாளர் 2.0 என்று வேறொரு வழியில் போனார். இரண்டும் வேண்டாம் என்றவர்கள் 2005-இல் ஆட்டம் என்ற மூன்றாவதைக் கொண்டுவந்தார்கள். ஆர்எஸ்எஸ் என்ற மூன்றெழுத்துக்கு விரிவு என்ன என்பதிலேயே ஆளுக்கொரு கட்சி. படிப்பவனுக்கு இதனால் எந்த நட்டமும் இல்லை. எந்தத் திரட்டியும் இந்த மூன்றையும் படித்துக்கொள்ளும். பாட்காஸ்ட் கேட்பவர்களும் தங்களுக்குத் தெரியாமலே இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலான பாட்காஸ்ட்டுகளுக்கு அடியில் ஓடுவது ஓர் ஆர்எஸ்எஸ் ஓடைதான்.

நான் உள்ளே வந்தது தமிழ் வலைப்பதிவுகள் வழியாக. பலருடைய பதிவுகளையும் ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டித் தளங்கள் கொடிகட்டிப் பறந்த காலம். ஈரோட்டில் ஒரு கணினிக் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். முதலாளி சாப்பிடப் போகும் முக்கால் மணி நேரந்தான் எனக்கு இணையம். பதிவர்களின் பெயரெல்லாம் மனப்பாடம். லினக்ஸை நிறுவுவது எப்படி என்று படம் போட்டு எழுதுபவர், கைப்பேசி நிறுவனங்களைத் திட்டுவதற்கென்றே எழுதுபவர், எதைப் பற்றித் தொடங்கினாலும் இளையராஜாவில் கொண்டுபோய் முடிப்பவர். திரட்டியின் முகப்பில் எந்தப் பதிவு மேலே நிற்கும் என்பதில் நடந்த அரசியலை அப்போதே பார்த்தாகிவிட்டது. பின்னாளில் பெரிய சமூக வலைத்தளங்கள் செய்ததெல்லாம் எங்களுக்குப் புதிதாகத் தெரியவில்லை.

அந்த முக்கால் மணி நேரத்தைத் தேடலில் வீணாக்கக் கூடாது என்றுதான் கூகுள் ரீடருக்குப் போனேன். ஓடைகளைப் படிப்பதற்காகக் கூகுள் 2005 அக்டோபரில் தொடங்கிய திரட்டிச் சேவை அது. பழைய எழுத்துருவில் எழுதிய சில பதிவுகள் அதில் வெறும் கிறுக்கலாக வந்து விழும். அவர்கள் தங்கள் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்புவார்கள், ஓடையோ வெறும் எழுத்தை மட்டும் சுமந்து வரும். யுனிகோடுக்கு மாறுங்கள் என்று நான் பின்னூட்டம் போட்டுக் கெஞ்சியவர்களில் இரண்டு பேர் மாறினார்கள்.

2013 மார்ச் 13 அன்று ரீடரை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. போப் பிரான்சிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதே நாளில்தான். என் பட்டியலில் இருந்த தொழில்நுட்பத் தளங்கள் எந்தச் செய்திக்கு அதிக இடம் கொடுத்தன என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 1-ஆம் தேதி மூடிவிட்டார்கள். ஆர்எஸ்எஸ் இறந்தது என்று பலரும் சொல்வது அந்த நாளைத்தான். இறந்தது ஒரு வாசிப்பு மேசை. ஓடைகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

அடுத்ததாக நான் போய்ச் சேர்ந்தது ஒரு சின்ன நிறுவனத்தின் சேவை. பெயர் வேண்டாம். அழகாக இருந்தது, ஆண்டுச் சந்தாவும் கட்டினேன். 2015-இல் ஒரு நாள் காலை தளம் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மின்னஞ்சலும் வரவில்லை. இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த ஓடைகள் போயின. கையில் மிஞ்சியது 2013-இல் ரீடரை மூடும்போது இறக்கி வைத்திருந்த ஓபிஎம்எல் கோப்பு மட்டும். ஓபிஎம்எல் என்பது நம் ஓடைகளின் முகவரிப் பட்டியல்; எந்தத் திரட்டியிலிருந்தும் எடுக்கலாம், எந்தத் திரட்டியிலும் போடலாம். கடைக்கு வருபவர்களிடம் "காப்பு நகல் எடுத்தீர்களா" என்று நாள் முழுக்கக் கேட்கிறவன் எடுக்காமல் இருந்தேன். இப்போது மாதம் முதல் தேதி கரண்ட் பில் பார்ப்பதோடு இதையும் செய்துவிடுகிறேன்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் தண்டர்பேர்டில் ஓட்டினேன். மின்னஞ்சல் மென்பொருள்தான், ஆனால் அதற்குள்ளேயே ஒரு நல்ல திரட்டி இருக்கிறது. ஓடைகள் அஞ்சல்போல வந்து கணினியிலேயே தங்கும். அது கைகொடுத்தது 2017 மே மாதத்தில். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் தாக்கியது 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையிலேயே மஞ்சள் மண்டிக் கணக்கர் ஒருவர் மூச்சிரைக்க வந்துவிட்டார். தொலைக்காட்சியில் சிவப்புத் திரையைக் காட்டிவிட்டார்களாம், அவருடைய டேலி கணக்கெல்லாம் போய்விடுமாம். தண்டர்பேர்டில் தேடினால், அது நுழையும் விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்ட செய்தி இருந்தது. படித்ததாகக் குறியும் இருந்தது! படித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறேன். அன்று மாலைக்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்கும் மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் கொடுத்ததை அதே பட்டியலில் பார்த்தேன். எக்ஸ்பிக்கான ஆதரவை அவர்கள் 2014-லேயே நிறுத்தியிருந்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மண்டி அலுவலகங்களில் பழைய கோப்புப் பகிர்வு வசதியை அணைத்துக்கொண்டும் திருத்தம் போட்டுக்கொண்டும் திரிந்தேன். தொலைக்காட்சியில் செய்தி கேட்டவர்களுக்குப் பயம் கிடைத்தது. எனக்குத் திருத்தத்தின் எண் கிடைத்தது.

2019 முதல் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற திரட்டி. கட்டற்ற மென்பொருள், நம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். திரை உடைந்து யாரும் வாங்க வராத ஒரு மடிக்கணினியில் லினக்ஸைப் போட்டு, அதில் நிறுவி, கடையின் பரணில் ஏற்றிவிட்டேன். மின்தடை வந்தால் அதன் பேட்டரியே யூபிஎஸ். (2022-இல் அந்தப் பேட்டரி உப்பிப்போய்ப் பரண் பலகையைத் தூக்கிவிட்டது. நாள் முழுக்கச் சார்ஜில் கிடக்கும் மடிக்கணினியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தொட்டுப் பாருங்கள்.) கைப்பேசியில் ரீட் யூ என்ற செயலி இதோடு பேசுகிறது. இரண்டும் பேசிக்கொள்ளும் மொழி, மூடப்பட்ட கூகுள் ரீடரின் ஏபிஐ! கடை போன பிறகும் அந்தக் கடைக்காரர் வைத்த தராசையே தெரு முழுக்கப் பயன்படுத்துவதுபோல, இன்றைய திரட்டிகள் பலவும் அந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன.

கடை வைஃபையை விட்டு வெளியே வந்தால் பரணில் இருக்கும் கணினியைத் தொட முடியாது. வழி செய்யலாம், செய்யவில்லை. கடையில் இறங்கியதை வீட்டில் படிக்கலாம். வீட்டுக்குப் புதிதாக எதுவும் வராது. என் மனைவிக்கு இந்த மென்பொருளில் பிடித்த ஒரே அம்சம் இதுதான்.

எனக்கு அதிகம் பயன்படுவது வடிகட்டி. தலைப்பில் குறிப்பிட்ட சொல் இருந்தால் அதைப் படித்ததாகவே குறித்துவிடச் சொல்லலாம். கசிவு, வதந்தி, தள்ளுபடி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டேன். கைப்பேசித் தளங்களின் வரவில் பெரும் பகுதி அங்கேயே காணாமல் போனது. செப்டம்பரில் வரப்போகும் ஐபோனின் ஓரம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஜனவரியிலிருந்து எழுதுகிறார்கள். கைக்கு வந்தபின் அதன் சார்ஜிங் துளையை எப்படிச் சுத்தம் செய்வது என்று எழுதுவதற்குத்தான் ஆளைக் காணவில்லை.

குறைகளும் உண்டு. முழுக் கட்டுரையையும் தராமல் முதல் இரண்டு வரியை மட்டும் ஓடையில் விடும் தளங்கள் பெருகிவிட்டன. ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் மூலப் பக்கத்துக்கே போய்க் கட்டுரையை எடுத்துவரும், ஆனால் தளம் வடிவமைப்பை மாற்றும்போதெல்லாம் அது உடைந்துவிடும், மறுபடி உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். பெரிய செய்தித் தளங்களைச் சேர்த்தால் நாளுக்கு நூறு வரும். மூன்று நாள் ஊருக்குப் போய் வந்தால் படிக்காதவை ஆயிரத்தைத் தாண்டிப் பயமுறுத்தும். அப்போது எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிடும் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. உரையாடல் என்பதே இதில் கிடையாது. எங்கள் பகுதி மின்தடை அறிவிப்பு இன்றைக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது.

கடையில் வேலை கற்கும் தம்பிக்கு இதைக் காட்டினேன். "அண்ணா, எதைப் படிக்க வேண்டும் என்று இதில் யாரும் சொல்ல மாட்டார்களா?" என்று கேட்டான். நாம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். "அது பெரிய வேலை அண்ணா" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டான். அவன் சொன்னது சரிதான். என் 143 ஒரே நாளில் சேரவில்லை. ஒருவர் எழுதியதைப் படித்து, அதில் அவர் சுட்டிய இன்னொருவரிடம் போய், இப்படி ஒவ்வொன்றாக வந்தவை.

இவற்றில் எனக்கு நெருக்கமானவை அடிக்கடி எழுதும் தளங்கள் அல்ல. கணினிப் பாதுகாப்புச் செய்திக்கு பிரையன் கிரெப்ஸ் இருக்கிறார், விண்டோஸ் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு 2003-லிருந்து எழுதிவரும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் இருக்கிறார். அவர்கள் எழுதுவது எப்படியும் கண்ணில் பட்டுவிடும். ஆண்டுக்கு மூன்று முறை எழுதுபவர்களை என்ன செய்வது? பழைய மதர்போர்டு கெபாசிட்டர் பற்றி எட்டு மாதத்துக்கு ஒரு கட்டுரை போடும் மனிதரை எந்தச் சமூக வலைத்தளமும் எனக்குக் காட்டாது. திரட்டிக்கு அவர் எட்டு மாதம் பேசாமல் இருந்தது ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு மணி நேரமும் போய்க் கேட்டுவிட்டு "304" வாங்கிக்கொண்டு வரும்.

மூடிப்போனவற்றையும் நான் நீக்குவதில்லை. வன்பொருளை அலசுவதில் ஆனந்த்டெக்கை மிஞ்ச ஆளில்லை. ஆனந்த் லால் ஷிம்பி 1997-இல் பள்ளி மாணவராக இருந்தபோது தொடங்கிய தளம். 2024 ஆகஸ்ட் 30-ஆம் தேதி விடைபெறும் கட்டுரையோடு நிறுத்திக்கொண்டார்கள். சொந்த டொமைன் வைத்திருந்த தமிழ்ப் பதிவுகள் சில இதைவிட மோசம். புதுப்பிக்காமல் விட்ட முகவரியைச் சூதாட்டத் தளங்கள் வாங்கிவிடுகின்றன. பத்தாண்டு மௌனத்துக்குப் பிறகு ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் எண் 1 என்று வந்திருப்பதைப் பார்த்து ஆசையாகத் திறந்தால் ரம்மி.

அப்படி மூன்று முறை ஏமாந்ததால், போன மார்ச்சில் அந்த லினக்ஸ் பதிவரின் பெயருக்குப் பக்கத்தில் 1 என்று வந்தபோது உடனே திறக்கவில்லை. அவருடையது ப்ளாகர் முகவரி, அதை யாரும் ஏலத்தில் எடுக்க முடியாது என்பது மதியச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது. கை கழுவிவிட்டு வந்து திறந்தேன். பழைய மடிக்கணினி ஒன்றைத் திரும்ப ஓட வைத்திருக்கிறாராம், தமிழ் விசைப்பலகை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக எழுதிய மூன்று வரிகள். பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருந்தது. வேலை செய்கிறது என்று எழுதினேன்.