கிளட்ச் மாற்றிய பின் கியர் விழவில்லையா? கியர்பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

கிளட்ச் செட் மாற்றிய கையோடு கியர் இறுக்கமாக விழத் தொடங்கி, அதற்குக் கியர்பாக்ஸ்தான் காரணம் என்று அதே பட்டறையில் சொன்னால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். நீலகிரியில் உள்ள கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் இறக்கும் என் லாரிக்கு இதுதான் நடந்தது.

பர்லியாறு ஏற்றத்தில் இன்ஜின் இரைச்சல் கூடியும் வண்டி இழுக்காமல் கிளட்ச் வழுக்கியதால், அடிவாரத்தில் உள்ள ஒரு பட்டறையில் விட்டேன். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் (பிளைவீலின் நடுவில் இருந்து கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்குவது), பிளைவீலுக்கு (இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரம்; கிளட்ச் பிளேட் இதன் மேல்தான் அழுந்தும்) லேத் கூலி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொகை போட்டு பில் கொடுத்தார்கள். வண்டியை வெளியே எடுத்ததுமே முதல் கியர் விழ மறுத்தது. ரிவர்ஸ் போட்டால் பல்லோடு பல் உரசும் சத்தம் கேட்டது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, புது பிளேட் என்பதால் ஓட ஓட செட் ஆகிவிடும் என்றார்கள். ஓட்டியும் சரியாகாதபோது, சிங்க்ரோனைசர் ரிங் (கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்று, கிளட்ச் வேலைக்கு ஆனதை விடப் பெரிய தொகையைச் சொன்னார்கள். கிளட்ச் மாற்றுவதற்கு முந்தைய நாள் வரை அந்தக் கியர்பாக்ஸில் எந்தக் கியரும் முரண்டு பிடித்ததில்லை.

மலையில் இது வெறும் சிரமத்தோடு முடிகிற விஷயமல்ல. லோடுடன் குன்னூரிலிருந்து இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்குக் கியர் விழாமல் நியூட்ரலில் நின்றுவிட்டால், இன்ஜினின் பிடி அறவே போய், வண்டியின் எடை முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறினால் பிறகு மிதித்தும் பயனில்லை.

குன்னூரில் வயதான மெக்கானிக் ஒருவர் ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்காமல் காரணத்தைப் பாதி கண்டுபிடித்துவிட்டார். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போடச் சொன்னார். ஒவ்வொன்றும் இலகுவாக விழுந்தது. கியர் லீவரிலோ அதன் இணைப்புகளிலோ கோளாறு இருந்தால் இன்ஜின் அணைந்திருக்கும்போதும் இறுக்கம் தெரிந்திருக்கும். அடுத்து சமதளத்தில் இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்ச்சை முழுவதும் மிதித்தபடி சில நொடிகள் பொறுத்து ரிவர்ஸ் போடச் சொன்னார். கிளட்ச் முழுமையாக விடுபட்டிருந்தால் அதற்குள் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழற்சியைக் கிளட்ச் வழியாக வாங்கும் தண்டு) சுழல்வது நின்று, கியர் சத்தமின்றி விழ வேண்டும். எவ்வளவு பொறுத்தும் உரசல் நிற்கவில்லை. அதாவது பெடலை மிதித்த பிறகும் இன்ஜின் அந்த ஷாஃப்ட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. இந்த நிலையில் வண்டியை ஓட்டினால் நன்றாக இருக்கிற சிங்க்ரோனைசர் ரிங்கும் தேய்ந்து போகும் என்பதால், "ஓட ஓட செட் ஆகும்" என்ற அறிவுரை எவ்வளவு கெடுதலானது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பெடலைப் பலமுறை தொடர்ந்து மிதித்த பிறகு கியர் எளிதாக விழுந்தால், பெடலின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் எண்ணெய் லைனில் காற்று இருக்கிறது அல்லது பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரோ கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரோ பலவீனமாக இருக்கிறது என்று பொருள். அது ஏர் எடுப்பதிலோ வாஷர் மாற்றுவதிலோ முடிந்துவிடக்கூடிய வேலை. என் வண்டியில் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. ஸ்லேவ் சிலிண்டரின் ராடும் தேவையான தூரம் நகர்ந்தது. ஆகவே கோளாறு உள்ளேதான் என்று முடிவுசெய்து, கியர்பாக்ஸைப் பிரிக்காமல் இறக்கி மட்டும் பார்த்தோம்.

பிளைவீலின் நடுவில் புதிதாக இருக்க வேண்டிய பைலட் பேரிங் பழையதாகவே இருந்தது. விரலை விட்டுத் திருப்பினால் அசையவில்லை. அழுத்தித் திருப்பியபோது நெறுநெறுவென்று சற்றே நகர்ந்து, விரலில் துருப்பொடி ஒட்டியது. பேரிங் இப்படி இறுகிவிட்டால், பிளேட் விடுபட்டாலும் பிளைவீலின் சுழற்சி அதன் வழியாகவே ஷாஃப்ட்டுக்குப் போய்விடும். பிளைவீலின் முகத்தில் சூட்டினால் ஏற்பட்ட நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் அப்படியே இருந்தன. லேத்தில் கடைந்திருந்தால் முதலில் காணாமல் போயிருக்க வேண்டியவை அந்தத் திட்டுகள்தான். வைக்காத பேரிங்குக்கும் செய்யாத லேத் வேலைக்கும் என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். பேரிங்கை மாற்றி, பிளைவீலைக் கடைந்து பூட்டியதும், கியர்பாக்ஸைத் தொடாமலேயே எல்லாக் கியர்களும் பழையபடி விழுந்தன.

எல்லா வண்டிக்கும் இதே காரணம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம். ஏற்றும்போது கியர்பாக்ஸின் எடையை ஷாஃப்ட்டில் தொங்கவிட்டுப் பிளேட்டை வளைத்திருக்கலாம். எதுவானாலும் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். மறுபடி இறக்கும்போது பேரிங்கையும் பிளைவீலையும் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பட்டறைக்காரர், வாடகை வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்றார். அது அரைகுறை உண்மை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கான பயன்பாட்டை விலக்கினாலும், சுயதொழில் செய்து அதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு விதிவிலக்கு அளித்திருக்கிறது. குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கலாம். என்னுடையது நானே ஓட்டும் ஒற்றை வண்டி. பில், படங்கள், குன்னூர் மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றுடன் உதகையில் உள்ள ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.