ஸ்கான்செனா, ஹெல்சிங்லாந்தா? ஸ்வீடனின் பழைய பண்ணைவீடுகளை எங்கே பார்ப்பது

ஸ்வீடனின் பழைய பண்ணைவீடுகளைப் பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, 1891-ல் ஆர்தர் ஹசேலியுஸ் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெயர்த்து வந்த வீடுகள் அங்கே ஒரே குன்றில் நிற்கின்றன. இன்னொன்று, வடக்கே ஹெல்சிங்லாந்து. அங்கே பண்ணைகள் கட்டிய இடத்திலேயே இருக்கின்றன. அவற்றில் ஏழு 2012-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

வீட்டைப் பெயர்ப்பது எப்படி என்று தோன்றலாம். ஸ்கான்செனின் மோரா பண்ணையில் சுவரின் மூலையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். முழு மரங்களைப் படுக்கைவாட்டில் அடுக்கி, முனையில் வெட்டுப்போட்டு, ஒன்றையொன்று கவ்வ விட்டிருப்பார்கள். எண் போட்டுக் கழற்றினால், வேறிடத்தில் அதே வரிசையில் மறுபடி அடுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பண்ணையின் கட்டடங்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் அசல்தான், அந்தத் தொகுப்பாக ஒரு குடும்பம் அங்கே வாழ்ந்ததில்லை.

எனக்கு இங்கேதான் ஹெல்சிங்லாந்து உயர்ந்து நிற்கிறது. நிலமும் காடும் ஆளிச்செடி நாரில் நெய்த லினன் துணியும் அந்த விவசாயிகளுக்குக் காசு கொடுத்தன. 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் காசில் பெரிய மரவீடுகளை எழுப்பினார்கள். கல்யாணம், விருந்து என்று வருடத்தில் சில நாள் மட்டும் திறக்கும் அறைகளுக்குச் சுவர் முழுக்க ஓவியம் தீட்டவைத்தார்கள். அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் வயல் தெரிந்தால்தான், அந்த வண்ணத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பது புரியும். ஹெல்சிங்லாந்தின் டெல்ஸ்போ பண்ணையை ஸ்கான்செனுக்குக் கொண்டுவர முடிந்தது, வயலைக் கொண்டுவர முடியவில்லை.

அப்புறம் யுனெஸ்கோ பட்டியலின் ஏழு பண்ணைகளில் ஒன்றான, ஃபோகெல்ஷோ ஊரின் ‘போர்தோம் ஓவா’. ‘ஆற்றுக்கு அப்பால்’ என்று பொருள். 1910-ல் குடும்பம் புது வீட்டுக்குப் போனது. பழைய வீட்டைச் சாமான்களோடு அப்படியே விட்டுவிட்டது. யாரும் அடுக்கி வைக்காத காட்சி அது.

வசதியில் ஸ்கான்சென்தான் மேல். வருடம் முழுக்கத் திறந்திருக்கும், ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். ஹெல்சிங்லாந்துப் பண்ணைகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவு. பலவும் தனியார் வீடுகள், பெரும்பாலும் கோடையில்தான் அனுமதி. குழந்தைகளோடு போனால், குளிர்காலத்தில் போனால், சரி, ஸ்கான்சென் போதும். கோடையில் இரண்டு நாள் கையில் இருந்தால் வடக்கே போங்கள். போர்தோம் ஓவாவை விட்டுவிடாதீர்கள்.