எங்கள் ஊர் பாவே: அத்தையும் நானும் போய்வந்த அனுபவம்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் கோலகங்சார் மாவட்டத்தில், ஒரு பக்கம் செம்பனையும் மறுபக்கம் மிச்சமிருக்கும் பால்மரங்களுமாக (ரப்பர் மரங்கள்) உள்ள சின்னப் பட்டணம் எங்களுடையது. 60 வயது தாண்டியவர்கள் பகலில் போய்வர இங்கே ஒரு மையம் இருக்கிறது. ‘புசாட் அக்டிவிட்டி வார்கா எமாஸ்’ என்று சமூக நல இலாகாவின் கீழ் நாடு முழுக்க இருக்கும் மையங்களில் ஒன்று. ஊரில் சுருக்கமாகப் பாவே என்றால் எல்லாருக்கும் தெரியும். கோவிட்டுக்கு முந்தைய ஆண்டு நானும் என் மாமியாரும் அதில் சேர்ந்தோம். அத்தை சின்ன வயதிலேயே பால் வெட்டப் போனவர், இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். நான் தோட்டத்துக் கிளினிக்கில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள்.

“அம்மாவை அங்கே அனுப்பலாமா அக்கா?” என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பதிவு செய்வதற்கு முன்பு ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: யார் கூட்டிப்போய்க் கூட்டிவருவது? உள்ளே என்னென்ன நடக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் பார்த்தவரை, மையத்தால் பலன் அடைந்தவர்களும் அடையாதவர்களும் பிரிவது அந்த ஒரு கேள்வியில்தான்.

முதலில் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கட்டணம் பெயருக்குத்தான். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் வருகிறார்கள். மையம் எட்டரைக்குத் திறக்கிறது. ஆனால் நம்மவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று பழகியவர்கள், ஏழரைக்கே வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சுத் துணைக்காகவே வருகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

நாள் தொடங்குவது உடற்பயிற்சியில். ஆரம்பத்தில் சத்தமாகப் பாட்டுப் போட்டு செனாம்ரோபிக் ஆடவைத்தார்கள். இளவட்டங்களுக்குச் சரி, பால் வெட்டிய உடம்புக்கு அது ஆகாது. வருடக்கணக்கில் குனிந்து கீழ்ப்பட்டை வெட்டிய இடுப்பு. காண்டா கம்பின் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேடு பள்ளம் ஏறி இறங்கிய முட்டி. பாதிப் பேர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் நாற்காலிப் பயிற்சியாக மாற்றினார். நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து உட்காருவது. வயதானவர்கள் வாரத்தில் குறைந்தது மூன்று நாளாவது உடம்பின் சமநிலைக்கும் வலுவுக்கும் சேர்த்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் இந்த மாதிரிப் பயிற்சியைத்தான்.

கையைக் கட்டிக்கொண்டு எழச் சொன்னபோது அத்தையால் நாற்காலியை விட்டு ஒரு விரற்கடை கூட எழ முடியவில்லை. நாற்காலியில் ஒரு தடித்த மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டினார்கள், அதிலிருந்து எழுந்தார். கொஞ்ச நாளில் மெத்தை மெலிந்தது. சில மாதத்தில் மெத்தையே வேண்டாம் என்றாகிவிட்டது. அதன் பலனை வீட்டில் கண்டோம். ஒரு நாள் காலையில், “இனிமே பாத்ரூம்ல ஒன்னக் கூப்பிட வேணாம்மா, நானே எந்திரிச்சிக்கிறேன்” என்றார். ஒரு வயதான பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியும்.

பிறகு 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, மையத்தை மூடினார்கள். திரும்பத் திறந்தபோது பழைய முகங்கள் பல இல்லை. சிலர் தவறிவிட்டார்கள். சிலரைப் பிள்ளைகள் சிலாங்கூருக்கும் ஜொகூருக்கும் கூட்டிப்போய்விட்டார்கள். அத்தை மறுபடி மெத்தையிலிருந்து தொடங்கினார். இந்த வயதில் பயிற்சியை விட்டால் உடம்பு எவ்வளவு சீக்கிரம் இறங்கிவிடுகிறது என்பதைக் கண்கூடாகப் பார்த்தேன். மையம் விடுமுறை விட்டாலும் வீட்டில் நாற்காலியை விடாதீர்கள்.

வீட்டில் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்து 3 மீட்டர் சாதாரணமாக நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தால் விழுந்துவிடும் அபாயம் கூடுதல் என்று கொள்ளலாம். எங்கள் மையத்தில் இதை அவ்வப்போது செய்து, ஒவ்வொருவர் புத்தகத்திலும் குறித்துவைக்கிறார்கள்.

மாதம் ஒரு முறை தாதியர் வந்து ரத்தக் கொதிப்பும் இனிப்புநீரும் (சர்க்கரை நோய்) பார்ப்பார்கள். கிளினிக்கில்தான் பார்க்கிறார்களே, இங்கே எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கிளினிக்கில் உட்காரவைத்து ஒரு தடவை அளப்பதோடு சரி. இங்கே நேரம் இருக்கிறது. எங்களோடு வரும் ஒரு ஐயா தலை சுற்றுகிறது என்று கொதிப்பு மாத்திரையைத் தானாகவே நிறுத்திவைத்திருந்தார், வீட்டில் யாருக்கும் தெரியாது. மறுபடி ஒழுங்காகப் போடச் சொன்னார்கள். அடுத்த முறை வந்த தாதி உட்காரவைத்து ஒரு தடவை, எழுந்து நிற்கவைத்து ஒரு தடவை அளந்தார். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு அதைவிடக் கூடவே இறங்கியது. தாதி எழுதிக்கொடுத்த சீட்டோடு டாக்டரிடம் போனார், மருந்தின் அளவு மாறியது. இப்போது மாத்திரையும் போடுகிறார், தலையும் சுற்றவில்லை. 40 வயது தாண்டிய பி40 (வருமானம் குறைந்த 40 விழுக்காட்டு) குடும்பத்தாருக்கு இலவசப் பரிசோதனை செய்யும் பெக்கா பி40 திட்டம் 2019இலிருந்தே இருக்கிறது. எங்களில் பலருக்கு அது தெரிந்தது மையத்தில்தான். பத்துப் பேராகச் சேர்ந்து போனோம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பரிசோதனை நாளில் விரலைக் குத்திச் சர்க்கரை அளந்த கையோடு கரிபாப்பும் பால்டின் (இனிப்பான டின் பால்) ஊற்றிய தேத்தண்ணியும் கொடுத்தார்கள். வருகிறவர்களில் இனிப்புநீர் இல்லாதவர்கள் குறைவு. நானும் இன்னும் இரண்டு பெண்களும் செயற்குழுவிடம் பேசிப் பார்த்தோம், காசு இல்லை என்றார்கள். கச்சான் பூத்துச் சுண்டலும் அவித்த மரவள்ளியும் கரிபாப்பை விட மலிவு என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். இப்போது வாரத்தில் சில நாள் சுண்டல், தேத்தண்ணிக்குச் சீனி தனியாக. விழா நாளில் மட்டும் பழையபடிதான். தீபாவளிக்கு முறுக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

கைப்பேசி வகுப்பு எனக்கு நேரடியாகப் பயன்பட்டது. ஊரில் உள்ள நாடி என்னும் அரசாங்க இணைய மையத்திலிருந்து ஒரு தம்பி வந்து சொல்லிக்கொடுத்தார். கிளினிக் சந்திப்பு நாளை மைசெஜாத்ரா செயலியில் பார்ப்பது, அரசாங்கத்தின் சாரா உதவித் தொகையில் மைகார்டை (அடையாள அட்டை) கொண்டு எந்தக் கடையில் என்ன வாங்கலாம் என்பது. மைகார்டில் சிப் கெட்டுப்போனது தெரியாமல் கடையில் சாமானை எடுத்துவிட்டுத் திருப்பி வைத்த பாட்டிகள் உண்டு. பதிவு இலாகாவுக்கு அவர்களை அழைத்துப்போனதும் அந்தத் தம்பிதான். மோசடி அழைப்பு பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசினார். போலீஸ் என்றும் கோர்ட் என்றும் சொல்லிப் பணம் கேட்டால் போனை வை. பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997க்குக் கூப்பிடு. வெட்கப்பட்டு மறைப்பதில்தான் வயதானவர்கள் எல்லாவற்றையும் இழக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, கூட்டத்தில் இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்த எண்ணை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.

ஆண்கள் வருவதில்லை என்பது எல்லா இடத்திலும் கேட்கும் குறை. எங்கள் ஊரிலும் டீக்கடையும் கோயில் மண்டபமும்தான் அவர்களுக்கு. கரோக்கே வைத்துப் பார்த்தார்கள், இரண்டு மூன்று பேர் வந்தார்கள். பின்கட்டு நிலத்தைக் கொத்திக் கீரை போடலாம் என்றதும்தான் ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். பால் வெட்டுக்காரராக இருந்த ஒரு தாத்தா தன் பழைய சாணைக்கல்லைக் கொண்டுவந்து மையத்துச் சமையலறைக் கத்திகளை எல்லாம் தீட்டிக்கொடுத்தார். அடுத்த வாரம் ஊர்ப் பெண்கள் வீட்டுக் கத்தியோடு வந்துவிட்டார்கள். கல்லில் தண்ணீரைத் தெளித்து, கட்டை விரலால் கத்தியின் கூர்மையைத் தடவிப் பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு. அவர் இன்றைக்கும் வாரம் தவறாமல் வருகிறார். உழைத்தே பழகியவர்களை உட்காரவைத்துப் பாடச் சொன்னால் வரமாட்டார்கள். அவர்கள் கையில் இருக்கும் தொழிலைக் கேட்டு வாங்க வேண்டும்.

சுற்றுலாவிலும் இதைப் பார்த்தேன். கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், 1877இல் நட்ட பால்மரக் கன்றுகளில் எஞ்சிய ஒன்று இன்னும் நிற்கிறது. மையத்தில் வாய் திறக்காத அத்தை அங்கே மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்து, “இந்தப் பட்டையில கத்தி எப்படி ஓடும்?” என்று தொடங்கினார். எவ்வளவு ஆழம் வெட்டினால் பால் வரும், எங்கே கத்தி பட்டால் மரத்துக்குக் காயம், மழை பெய்தால் அன்றைய கூலி என்ன ஆகும் என்று கூட வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நிகழ்ச்சி வருடத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சிவப்பு ஐ.சி. (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) வைத்திருப்பவர்களுக்கும் மையத்தில் இடம் கொடுக்கிறார்கள், அது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் மாத உதவி வேறு கதை. வருமானம் இல்லாத முதியவர்களுக்கான பந்துவான் வார்கா எமாஸ் 2025இல் மாதம் 500லிருந்து 600 வெள்ளியாக (ரிங்கிட்) உயர்ந்தது. அது குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். இந்த மண்ணில் பிறந்து இங்கேயே உழைத்துத் தேய்ந்த கைகளுக்கு அது கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத மனவருத்தம். 60 வயது தாண்டிய சிவப்பு ஐ.சி. இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்போவதாக 2018இல் அரசாங்கம் அறிவித்தது. எங்கள் ஊரில் இன்னும் அந்த அட்டையோடு இருப்பவர்கள் உண்டு. மையத்தில் ஒருவர் உட்கார்ந்து இவர்களுக்குப் படிவம் நிரப்பிக்கொடுத்தால் எவ்வளவோ நல்லது.

இனி வண்டிக்கு வருகிறேன். ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்தவர்கள் பலர், லிஃப்ட் இல்லாத மலிவு விலை அடுக்குமாடிகளில் நாலாவது மாடியிலும் ஐந்தாவது மாடியிலும் இருக்கிறார்கள். இறங்குவது ஒரு வேலை, ஏறுவது இரண்டு வேலை. மிச்சமிருக்கும் லயங்களில் இருப்பவர்களுக்குப் பெரிய ரோட்டுக்கு வரவே மண் பாதை. பஸ் எப்போதாவது வரும். கிராப் வாடகைக் கார் கூப்பிட்டால் போகவரக் கொடுக்கும் காசுக்கு இரண்டு நாள் சமையல் ஆகிவிடும். ஆக, மையத்துக்கு அதிகம் வருவது யார்? டவுனில் குடியிருப்பவர்கள், மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்கள், என்னைப் போல் கார் வைத்திருப்பவர்கள். யாருக்கு இந்த இடம் அதிகம் தேவையோ அவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள். செயற்குழு மேல் எனக்குக் கோபம் இல்லை, சம்பளம் வாங்காமல் உழைக்கிறார்கள். ஆனால் ஆண்டறிக்கையில் எத்தனை நிகழ்ச்சி நடந்தது என்பது இருக்கிறது, எத்தனை பேரால் வர முடியவில்லை என்பது இல்லை. அதை எழுதினால்தான் மேலே வண்டி கேட்க முடியும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவருகிறேன்.

நடக்கவே முடியாமல் போனவர்களுக்கு, தொண்டர்கள் வீட்டுக்கே வரும் ‘பந்து டி ரூமா’ சேவையைச் சமூக நல இலாகாவில் கேளுங்கள். அத்தை இடுப்பு வலியால் படுத்திருந்த நாட்களில் வந்த அக்கா தலை வாரிவிட்டு, நாற்காலிப் பயிற்சியும் செய்யவைத்துவிட்டுப் போவார்.

வண்டிக்கு நாங்களே ஒரு வழி கண்டோம். பள்ளி வேன்காரர் காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டால், மதியம் வரை வேன் சும்மாதான் நிற்கும். அவரிடம் பேசி, அடுக்குமாடியிலிருந்தும் பழைய லயத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிவர ஏற்பாடு செய்தோம். எண்ணெய்க் காசும் அவர் கூலியும் குடும்பங்களுக்குள் பிரித்துக்கொள்கிறோம். தர முடியாதவர்களுக்குக் கோயில் குழு தருகிறது. வாரத்தில் மூன்று நாள், பயிற்சி நாளாகப் பார்த்து வைத்திருக்கிறோம். லயத்திலிருந்து இதுவரை மையத்தைப் பார்த்தேயிராத ஐந்து பேர் இப்போது வருகிறார்கள். உங்கள் ஊரிலும் பள்ளி வேன் இருக்கும், பேசிப் பாருங்கள். வேனின் படி மட்டும் வயதானவர்களுக்கு உயரம். இப்போதைக்கு ஒரு மரப்பெட்டியைக் கீழே வைத்து ஏற்றுகிறோம், கைப்பிடி ஒன்று வைத்துத் தரும்படி பட்டறையில் சொல்லியிருக்கிறோம்.