வைல்டு பெர்கமோட்: வளர்த்து, சமைத்து, குடித்துப் பார்த்ததில்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எங்கள் வீட்டுக்கு மேற்குப் பக்கம் இருப்பது வெயில் நேராக அடிக்கும் களிமண் தரை. அங்கேதான் வைல்டு பெர்கமோட் சில வருடங்களாக நிற்கிறது. இங்குள்ள பிளின்ட் ஹில்ஸ் குன்றுப் புல்வெளிகளில் தானாக முளைக்கும் காட்டுப்பூ. துளசி, புதினா குடும்பம். முதல் வருடம் தண்ணீர் ஊற்றியதோடு சரி. வேர் பிடித்த பிறகு ஜூலை வறட்சியில்கூடத் தாக்குப்பிடிக்கிறது. அடியிலைகள் காய்ந்து உதிரும், அவ்வளவுதான்.

இலையைக் கசக்கினால் ஓம வாசனை தூக்கலாக வரும். ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற வாசனைப் பொருள் இதிலும் இருக்கிறது, கற்பூரவல்லியில் இருக்கும் கார்வக்ரால் என்ற வாசனைப் பொருளும் உண்டு. ஓரிகானோ போடும் இடத்திலெல்லாம் இதைப் போடலாம், தக்காளி சாஸுக்கு அருமை. பூ வருவதற்கு முன் கொழுந்தாகப் பறிக்க வேண்டும், முற்றினால் கசக்கும். நான் அதிகம் செய்வது பஜ்ஜி. கற்பூரவல்லி போலத் தடித்த இலை இல்லை என்பதால் கடலை மாவை நீர்க்கக் கரைத்து, எண்ணெயில் போட்டதும் திருப்பி எடுத்துவிட வேண்டும். ஊதா இதழ்களைக் குழல் குழலாகப் பிய்த்து சாலட்டில் தூவலாம், நாக்கு நுனியில் லேசாகச் சுருக்கென்கும்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். வட அமெரிக்கப் பழங்குடியினரான ஒஜிப்வே மக்கள் இதைக் கொதிக்கவைத்து சளிக்கு ஆவி பிடித்திருக்கிறார்கள். இன்னொரு பழங்குடியான பிளாக்ஃபுட் மக்கள் வெட்டுக்காயத்துக்குப் பற்றுப் போட்டார்கள். நான் தொண்டைக் கரகரப்புக்கு மட்டும் காய்ந்த இலையை வெந்நீரில் ஊறவைத்துத் தேன் விட்டுக் குடிக்கிறேன். இதமாக இருக்கும். காய்ச்சலையோ நாள்பட்ட இருமலையோ இது தீர்த்து நான் பார்த்ததில்லை. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

குறை என்றால் சாம்பல் நோய். ஆகஸ்டில் இலையெல்லாம் மாவு கொட்டியதுபோல் வெளுத்துவிடும். செடி சாகாது, ஆனால் அந்த இலை சமையலுக்கு உதவாது. எனவே ஜூனிலேயே பறித்துக் காயவைத்துவிடுகிறேன். காற்றோட்டத்துக்கு இரண்டடி இடைவெளி விடுங்கள். வேர் மண்ணுக்குள்ளேயே ஓடிப் பரவும், சில வருடத்துக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்தாக வேண்டும். (வண்டுத்தேனீக்களுக்கு இந்தப் புதர் கொண்டாட்டம். பூக்கும் காலத்தில் பார்த்துக் கைவையுங்கள்.)

வாங்கும்போது இதன் தாவரவியல் பெயரான மொனார்டா ஃபிஸ்டுலோசா என்று சீட்டில் இருக்கிறதா பாருங்கள். ஒரு நர்சரியில் வைல்டு பெர்கமோட் என்று சொல்லி, ஈரம் கேட்கும் சிவப்புப் பூ வகையான மொனார்டா டிடிமாவை என் தலையில் கட்டிவிட்டார்கள். மேற்கு வெயிலில் அது ஒரு கோடைகூடத் தாங்கவில்லை.